வறட்சியில் விற்றது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

2019 கோடையில் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் தண்ணி லாரிக்குக் காத்துக்கிடந்த பெண்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, "அதான் மழ பேஞ்சி ஏரியெல்லாம் ரொம்பிப்போச்சே, இன்னும் இன்னாத்துக்கு அதையே பேசிக்கினு" என்றார். எனக்கும் அதில் பாதி சரி என்றுதான் படுகிறது. வெள்ளம் வந்தால் வீடு போகிறது, பொருள் போகிறது. 2015லும் 2023லும் எங்கள் தெருவிலேயே பார்த்தோம். வறட்சியில் அப்படி என்ன போகிறது? காய்ச்சல் மாதிரி வரும், போகும். கிராமத்தில் விவசாயிக்குக் கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் இருப்பவனுக்கு மாதம் சில நூறு ரூபாய் கூடுதல் செலவு, கொஞ்சம் தூக்கம் கெடும். யாரும் சாகவில்லையே.

நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். வறட்சியில் நாலு வகை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்: வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி, சமூகப் பொருளாதார வறட்சி. முதல் மூன்றும் புரிகிறது. நாலாவதற்குப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. எங்கள் ஆயா சின்ன வயதில் பரமக்குடிப் பக்கமிருந்து ஒரு பஞ்சத்தில் இங்கே வந்தவர். கேட்டால் "வவுத்துக்கு இல்ல, வந்துட்டோம்" என்பார், அதோடு சரி. அந்த நாலாவது வகை உண்மையில் என்ன என்று நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

க.,
தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். மழை திரும்பி வரும், வறட்சியில் மக்கள் விற்றது திரும்பி வராது. உங்கள் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோன நாலாவது வகை இதுதான். வானம் பொய்த்தபோது யார் எதை விற்றார்கள், யாரிடம் விற்றார்கள், அதன்பின் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தால் அது புரிந்துவிடும்.

வெள்ளத்துக்குத் தேதி உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு என்று சொன்னால் இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். வறட்சிக்குத் தேதி கிடையாது, அது ஆளுக்கு ஒரு நாளில் வந்து சேர்கிறது. 2019ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜூன் மாதம் தொடங்கியதாக நாம் நினைக்கிறோம். அப்போதுதான் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தெரியும் அளவுக்கு வற்றின. மெட்ரோ வாட்டர் நாள் ஒன்றுக்குக் கொடுத்துவந்த 83 கோடி லிட்டர் 52.5 கோடியாகக் குறைந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது, டிவியில் எல்லாரும் பார்த்தோம். ஆனால் மழை தவறியது அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவத்தில். அந்தப் பருவத்தில் சென்னையில் பெய்தது வழக்கமான அளவில் பாதிகூட இல்லை. வானிலைத் துறைக் கணக்கில் 26 சதவீதம் குறைந்தாலே வறட்சிதான்.

அப்படியென்றால் முதலில் யாருக்குத் தெரிந்தது? திருவள்ளூர் மாவட்டத்தில் நாற்று நடக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த கூலிப் பெண்ணுக்கு, 2018 நவம்பரிலேயே. நடவு இல்லை என்றால் அவளுக்கு அன்றைக்கே கூலி இல்லை. நிலத்துக்காரருக்கு அறுவடைக் காலத்தில் தெரியும். கிணறு வைத்திருப்பவருக்கு மார்ச்சில் மோட்டார் காற்றை இழுக்கும்போது தெரியும். சென்னைக்கு ஜூனில். நம் ஊருக்குள்ளேயும் வரிசை உண்டு. தெருக்கோடியில் அடிபம்பை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஏப்ரலிலேயே தெரிந்தது. ஆழ்துளைக் கிணறும் தரைத்தொட்டியும் வைத்திருந்த வீட்டுக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. கையில் இருப்பு குறைவாக உள்ளவரிடம் முதலில் வந்து, கடைசியாக அவரைவிட்டுப் போவது வறட்சியின் வழக்கம்.

விற்கிற கதைக்கு வருகிறேன். மழையை மட்டும் நம்பிப் பயிர் வைக்கும் மானாவாரிக் குடும்பம் ஒன்று வறட்சியில் எதை எப்போது விற்கும் என்பதற்கு ஏறத்தாழ ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஆடு, கோழி. அப்புறம் நகை அடகுக்குப் போகும். பிறகு மாடு. இந்த மாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வறட்சி எப்படி ஒரு வீட்டை நொடிக்கிறது என்பது இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. மழை இல்லை என்றால் வைக்கோல் விலை ஏறும். தீவனம் வாங்க முடியாமல் எல்லாரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு மாட்டை ஓட்டி வருவார்கள். எலும்பு துருத்திய மாடு, விற்பவர் கூட்டம், வாங்குபவர் நாலு பேர். விலை பாதாளத்துக்குப் போகும். அதே நாளில் அதே சந்தையில் அரிசி விலை ஏறியிருக்கும். இரண்டு மாட்டை விற்ற காசு சில மாதத்து அரிசிக்குக்கூடக் காணாது. அடுத்த வருஷம் மழை நன்றாகவே பெய்யும், ஆனால் உழ மாடு இருக்காது. அப்போது மாட்டு விலை இரண்டு மடங்கு ஆகியிருக்கும், ஏனென்றால் இப்போது எல்லாரும் வாங்க வந்திருப்பார்கள். விதைநெல்லைத் தின்றிருந்தால் அதையும் கடன் வாங்கித்தான் விதைக்க வேண்டும். மழை பெய்த வருஷத்தில்தான் பல குடும்பங்கள் நிலத்தை விடுகின்றன. ஊர் வறட்சியை மறந்துவிட்ட பிறகு நடப்பதால் யாரும் அதை வறட்சிக் கணக்கில் எழுதுவதில்லை.

எல்லாம் விற்ற பிறகு மிச்சமிருப்பது உடம்பு. அதையும் முன்கூட்டியே விற்கலாம். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். செங்குன்றத்தைத் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போனால் செங்கல் சூளைகள். அங்கே வேலை செய்பவர்களில் பலர் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து வருபவர்கள். அடிக்கடி மழை பொய்க்கிற பூமி அது. அறுப்புத் திருவிழாவான நுவாக்காய் முடிந்த கையோடு தரகர் ஊருக்குள் வருவார், முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று ஒரு கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் முன்பணம் கழியும். மழைக்காலம் தொடங்கும்வரை சூளையில்தான் குடியிருப்பு.

சூளைத் தரையில் பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காயும். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பி வைக்க வேண்டும். பெரியவர் மிதித்தால் ஈரக்கல் நசுங்கும், அதனால் பிள்ளைகளை விடுவார்கள். எடை குறைவான பிள்ளை வரிசைக்கு நடுவே ஓடி ஒவ்வொரு கல்லாகத் திருப்பிக்கொண்டே போகும். ஒடிசாவில் எங்கோ தவறிய மழை, புழலேரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட வருஷத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இருந்தும் இந்த மாவட்டத்தின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் அதிகாரிகள் குடும்பம் குடும்பமாக மீட்டிருக்கிறார்கள். சட்டம் சூளையில் கைவைக்கிறது. முன்பணம் கைமாறுகிற ஊரில், அந்த மாதத்தில், வேறு வழி ஒன்றை வைத்தால்தான் இது நிற்கும்.

உங்கள் ஆயா வந்ததும் இந்த வழியின் ஒரு கிளையில்தான் இருக்க வேண்டும். ராமநாதபுரம் சீமையில் கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையென்றால் பயணம். போகாமல் நின்றவர்கள் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைத்தார்கள், இன்றும் பிழைக்கிறார்கள். "ஏன் வந்தீங்க" என்று கேட்டால் ஆயா ஒரு வரியில்தான் பதில் சொல்வார். "வரும்போது எதை வித்துட்டு வந்தீங்க, யார் வாங்குனாங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாடு, பாத்திரம், புஞ்சை என்று ஒவ்வொன்றாக வரும். யார் வாங்கினார் என்கிற இடத்தில் பெயரோடு வரும். அந்தப் பெயரை அவர்கள் மறப்பதே இல்லை.

வடசென்னையே இப்படி வந்தவர்களால் ஆனதுதான். 1782இல், ஹைதர் அலியோடு நடந்த போரும் அதையொட்டிய பஞ்சமும் சுற்று வட்டாரத்து மக்களைக் கோட்டைப் பக்கம் விரட்டியபோது, அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ராயபுரத்துக்கு அருகே மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. அந்தக் கஞ்சித்தொட்டியை ஒட்டி வைத்தியசாலை வந்தது, அது வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. உங்கள் ஆயா வயதுக்காரர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறார்கள்? நம் பக்கத்தின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடித்தளம் ஒரு பஞ்சம்.

அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கிக் கிடந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி அது. ரயிலும் இருந்தது. உள்ளூரில் வேலை செத்துப்போனதால் வாங்கக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை. அதில் உடம்பு நிற்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். நிவாரண முகாம்களில் ஜனங்கள் வேலைக்குப் போக மறுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். பிறகுதான் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதி இந்தப் பஞ்ச வேலையில் வெட்டியது. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பெயர், வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அந்தப் பஞ்சமும் அதற்கு முன்பின் வந்த பஞ்சங்களும் நம் துறைமுகங்களிலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கூலிகளை ஏற்றி அனுப்பின. பர்மா போனவர்களின் வம்சம் 1960களில் அங்கிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியபோது அவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். பர்மா பஜாரில் நீங்கள் நின்று சாப்பிடுகிற அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் தட்டு அந்த வழியாக வந்ததுதான். மழை வந்தவுடன் அந்த மக்கள் ஊர் திரும்பவில்லை. திரும்பி வர ஏறக்குறைய மூன்று தலைமுறை ஆனது, வந்ததும் சொந்த ஊருக்கு அல்ல.

இனி 2019. நகரத்துக்காரனுக்குச் சில நூறு ரூபாயும் தூக்கமும்தான் போகின்றன என்று எழுதியிருந்தீர்கள். தூக்கம் என்று நீங்கள் சொன்ன இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம், யாருடைய தூக்கம் என்று. நான் பார்த்த தெருவில் குழாய்த் தண்ணீர் வந்தால் இரவு ஒரு மணிக்கு மேல் வரும். அடிபம்பில் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தால்தான் ஒரு குடம் நிறையும். லாரி வரும் நாள் என்றால் விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் நிற்கும் இடத்தில் ஆளும் இருக்க வேண்டும், இல்லையென்றால் குடம் பின்னுக்குப் போய்விடும். லாரி எட்டு மணிக்கு வரும் என்பார்கள், பதினொன்றுக்கு வரும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் அன்று போக முடியாது. இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், தொடர்ந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். அப்படி வேலையை இழந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அம்மா வேலையைக் காப்பாற்றிக்கொண்டால் வரிசையில் நிற்பது மூத்த பெண் பிள்ளை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மாதம்.

இட்லி மாவு அரைத்து விற்பவர், கையேந்திபவன் வைத்திருப்பவர், துணி வெளுப்பவர் எல்லாருக்கும் தண்ணீர்தான் முதல். காசிமேட்டில் மீன் இறங்கினால் ஐஸ் வேண்டும், ஐஸுக்குத் தண்ணீர் வேண்டும். அதன் விலை ஏறினால் கூடைக்காரப் பெண்ணின் லாபத்தில்தான் கழியும், மீன் விலையை அவள் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒரு குடும்பம் கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தை வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். சம்பளம் லட்சத்தில் வாங்குபவருக்கும் பன்னிரண்டாயிரம் வாங்குபவருக்கும் கேன் விலை ஒன்றுதான். கிராமத்தில் ஆடு, மாடு போன வரிசையில் இங்கே போவது வேலை நாள், பிறகு நகை, பிறகு பிள்ளையின் படிப்பு.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடினால் வெளியே இருப்பது உள்ளே வராது. விட்டு விட்டு வந்தால், அதுவும் தெருவே மோட்டார் போட்டு உறிஞ்சினால், வெடிப்பு விட்ட பழைய குழாய் பக்கத்துச் சாக்கடையை இழுத்துக்கொள்ளும். முதல் நாலு குடம் கலங்கலும் நாற்றமுமாக வருவது இதனால்தான். நம் பக்கத்துத் தெருக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லிக்கு ஓடியவர்களின் கணக்கை யாரும் வறட்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாரும் சாகவில்லையே என்றீர்களே, அது உண்மையில் பெரிய விஷயம். அது தானாக நடந்ததும் இல்லை. தாது வருஷத்தில் செத்தார்கள், இப்போது சாகவில்லை என்றால் இடையில் எத்தனையோ பேர் சண்டை போட்டு வாங்கியவை இருக்கின்றன. 1972–73இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. லட்சக்கணக்கானவர்களுக்குக் குளம் வெட்ட, சாலை போட வேலை கொடுத்துக் கூலி கொடுத்தார்கள். விளைச்சல் படுத்துப்போன நிலையிலும் பஞ்சச் சாவு பெரிய அளவில் வராமல் தடுக்க முடிந்தது. அங்கே பிறந்த வேலை உறுதித் திட்டத்தின் வழியில்தான் பின்னால் நாடு முழுக்க நூறு நாள் வேலை வந்தது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவம் 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது, நூறு நாளை நூற்றைம்பதாக உயர்த்தவும் சொன்னது. கருகிய பயிரையும் கடனையும் பார்த்து மனமுடைந்து விவசாயிகள் இறந்த பருவம் அது. அந்தச் சாவுகளை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் பட்டினியில் மக்கள் விழவில்லை என்றால், ரேஷன் அரிசி இருந்தது, 1982இலிருந்து விரிந்த சத்துணவு இருந்தது. ரேஷன் அரிசியை இலவசம், சோம்பேறித்தனம் என்று யாராவது உங்கள் எதிரில் பேசினால் எனக்கு வரும் கோபம் உங்களுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீங்கள் மணலியில் வேலை பார்ப்பதால் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். மனிதர்கள் மட்டும் விற்பதில்லை, ஊர்களும் விற்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தது 1960களின் இறுதியிலும் அதையொட்டியும். அவற்றுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் வேண்டி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கொசஸ்தலையாற்று, ஆரணியாற்று வண்டலில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அருமையான நிலத்தடி நீர் அது, மணலும் சரளையும் அடுக்கடுக்காக ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தது. மழை குறைந்த வருஷமெல்லாம் கூடுதலாக இறைத்தோம். நல்ல தண்ணீரின் மட்டம் இறங்கியபோது கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர் பக்கம் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரை கிணற்று நீர் உப்பாகிவிட்டது. மழை பெய்தால் ஏரி ஒரு மாதத்தில் நிறையும். உப்பு ஏறிய மணலடுக்கு அப்படிக் கழுவிப் போகாது, பல பத்தாண்டுகள் ஆகும். நம் வறட்சியை நாம் மீஞ்சூருக்கு அனுப்பிவைத்தோம், அது அங்கேயே தங்கிவிட்டது.

2001 முதல் 2004 வரை நீண்ட வறட்சியில் இன்னொன்று நடந்தது. திருவள்ளூர்ப் பக்கக் கிராமங்களில் விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வாங்கினார்கள். பயிர் வைப்பதைவிட தண்ணீர் விற்பதில் வருமானம் நிச்சயம், செலவு இல்லை. கிணற்றுக்காரர்களில் பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நம் வீட்டுக் குடத்துக்குத்தான் அந்தத் தண்ணீர் வந்தது. ஆனால் தண்ணீர் விற்காத பக்கத்து நிலத்துக்காரர் தன் கிணற்றிலும் நீர்மட்டம் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார். களை பறித்து, நாற்று நட்டுப் பிழைத்த கூலிக்காரர்களுக்கு விற்கத் தண்ணீர் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் பேருந்து ஏறி நம் பக்கமே வந்து கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். தங்கள் ஊரிலிருந்து லாரியில் வந்த தண்ணீருக்கு இங்கே வரிசையில் நின்றிருப்பார்கள்.

எண்ணூர் கழிமுகத்துக்கும் இந்த விஷயத்தில் சொல்ல இருக்கிறது. 1944இல் பூண்டியில் அணை கட்டிய பிறகு கொசஸ்தலையில் கடலுக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்தது. மழை பொய்த்த வருஷத்தில் வருவதே இல்லை. ஆற்றின் தள்ளல் இல்லாவிட்டால் முகத்துவாரத்தை மணல் அடைக்கும், இறால் உள்ளே வந்து வளர்வது கெடும். சாம்பலும் ஆலைக் கழிவும் ஏற்கெனவே செய்துவைத்த சேதத்தின் மேல் இது. வறட்சி என்றால் விவசாயி என்று மட்டும் நினைக்கிறோம். கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைப்பவரும் மழையை நம்பித்தான் இருக்கிறார்.

சரி, ஒன்றுமே மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். வடசென்னைக்கு அது பெரிய ஆறுதல். கரன்ட் செலவும், கடலில் விடும் உப்புக் கழிவு பற்றி மீனவர்கள் சொல்லும் புகாரும் இருக்கின்றன, அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது கொடுங்கையூர். நம் வீட்டுக் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, மீஞ்சூர், எண்ணூர் ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019இல் அங்கே தொடங்கியது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கழிவுநீர் வரும். ஆலை அதை எடுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு மீஞ்சூர் மண்ணுக்கு ஓய்வு. உங்கள் கம்பெனியில் எந்தத் தண்ணீர் ஓடுகிறது என்று ஷிஃப்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் தளும்பத் தளும்ப நிறைந்தால் சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2020இல் திறந்த கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரியில் அரை டிஎம்சி. நகரத்துக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டிஎம்சி வேண்டும், வெயிலில் ஆவியாவது தனி. கிருஷ்ணா நீர் 12 டிஎம்சி என்று 1983இல் ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் நமக்கு மழை தவறும் வருஷத்தில் ஆந்திரத்திலும் பல நேரம் தவறும். ஆக, ஏரி நிறைந்திருக்கிறது என்றால் கையில் ஒரு வருஷம் இருக்கிறது என்று பொருள். பழைய குழாயை மாற்றுவது, மழைநீர்க் குழியில் அடைத்த மண்ணை அள்ளுவது, மீஞ்சூர்க் கிணறுகளுக்கு ஓய்வு கொடுப்பது எல்லாம் அந்த ஒரு வருஷத்தில்தான் முடியும். வறண்ட பிறகு லாரி அனுப்ப மட்டும்தான் நேரம் இருக்கும்.

இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை லாரி வரும் நிலை வந்தால், வரும் நேரத்தை முந்தின நாள் இரவே தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். செலவில்லாத காரியம் இது. ஒரு பெண்ணின் வேலை நாள் அதில் மிஞ்சும். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் இதை எழுதிக் கொடுங்கள். தேதி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா